முதல் அறிபுனை நாவல்: ஒற்றை வரியிலிருந்து முதல் வரைவு வரை

அறிவியல் புனைகதையான அறிபுனையோ, மாய உலகக் கதையான மிகுபுனைவோ எழுத ஆசைப்பட்டு நோட்டு வாங்கியவர்களில் பலர் முதல் அத்தியாயத்துக்கே வந்து சேர்வதில்லை. நோட்டைப் புரட்டினால் வரைபடம் இருக்கும், ஏழு தலைமுறை அரச வம்சம் இருக்கும், மூன்று நிலவுகளின் சுற்றுக்காலம்கூட இருக்கும். கதைதான் இருக்காது. இன்னொரு சாரார் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் உட்கார்ந்து, அறுபது பக்கம் விறுவிறுவென்று எழுதிவிட்டு நின்றுபோவார்கள். கதாநாயகி கையில் இருக்கும் கருவியே எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடிபடும் ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். அந்த ஆளின் கை எட்டுகிற தூரத்துக்கு மட்டும் உலகத்தைக் கட்டுங்கள். அதை எப்படிச் செய்வது என்று காட்ட இரண்டு உதாரணங்களைக் கடைசிவரை கூட வைத்துக்கொள்வோம். ஒன்று அறிபுனை: 2071, தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினம் கடற்கரை. மற்றது மிகுபுனைவு: மழையை அழைக்கத் தெரிந்தவர்கள் வாழும் நாடு.

ஒரு வரி, மூன்று கேள்வி

முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு வேலைதான். கதையை இரண்டு வாக்கியத்துக்குள் அடக்குங்கள். அந்த இரண்டு வாக்கியத்தில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். நம் உலகத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது? அதனால் யாருக்கு நஷ்டம்? அந்த ஆள் என்ன செய்யப் பார்க்கிறார்?

“எதிர்காலத்தில் ரோபோக்கள் உலகை ஆள்கின்றன” என்பது முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. அது பின்னணி, அதில் யாரும் எழுந்து நடக்கவில்லை. இதைப் பாருங்கள்: “குலசேகரப்பட்டினத்திலிருந்து தினமும் மூன்று ராக்கெட் ஏவப்படுவதால் கடல் பாதி நாள் மூடிக்கிடக்கிறது. மீன்பிடி நொடித்த ரோசலின், கடலில் விழும் ராக்கெட் பாகங்களைத் திருட்டுத்தனமாக எடுத்து விற்றுத் தன் படகின் கடனை அடைக்கப் பார்க்கிறாள்.” மிகுபுனைவுக்கு: “மழையை அழைக்கலாம், ஆனால் வேறெங்கோ பெய்யவேண்டிய மழைதான் இங்கே வந்து பெய்யும். தன் ஊரை முப்பது வருடம் செழிக்கவைத்த கிழவர், அந்த மழை எந்த ஊரிலிருந்து வந்தது என்று தேடிக் கிளம்புகிறார்.”

மாற்றம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். காலப்பயணம், வேற்றுக்கிரகவாசி, மனம் படிக்கும் கருவி என்று மூன்றையும் முதல் நாவலிலேயே சேர்த்தால், ஒன்று தரும் சிக்கலை மற்றது அவிழ்த்துவிடும். பதற்றமே எழாது. மற்ற இரண்டையும் அடுத்த நாவலுக்கு எடுத்துவையுங்கள்.

விளைவுகளை மூன்று சுற்று எழுதுங்கள்

ஒரு தாளின் நடுவில் மாற்றத்தை எழுதி, அதனால் நேரடியாக என்னவெல்லாம் ஆகும் என்று பத்து விளைவுகளை எழுதுங்கள். முதல் நான்கைந்து எல்லோருக்கும் தோன்றுபவை: மீனவர் போராட்டம், நில விலையேற்றம், வெளியூர்க்காரர் குடியேற்றம். அவற்றை அடித்துவிட வேண்டாம், ஆனால் அவற்றை நம்பிக் கதையை நிறுத்தவும் வேண்டாம். ஆறாவதிலிருந்துதான் உங்கள் தலை வேலை செய்யத் தொடங்கும்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு விளைவுக்கும் இரண்டு பின்விளைவு. கடல் பாதி நாள் மூடப்படுகிறது. அப்படியானால் மீன்பிடிப்பு இரவுக்கு மாறும், பகலில் தூங்குகிற ஊர் உருவாகும். பள்ளிக்கூடம் எப்போது நடக்கும்? மூன்றாம் சுற்றில் ஒரே ஒரு கேள்வி: இந்த நிலைமையை வைத்துப் பணம் பண்ணுகிறவர் யார்? தமிழில் வரும் அறிபுனைகளில் பெரும்பாலும் விஞ்ஞானியும் வில்லனும் இருப்பார்கள். வட்டிக்கு விடுகிறவரும் பழைய இரும்புக் கடைக்காரரும் காணாமல் போயிருப்பார்கள். அவர்களைக் கொண்டுவந்தால் உலகம் பாதி நம்பத்தக்கதாகிவிடும்.

மழை நாட்டுக்கும் இதையே செய்யுங்கள். மழையை இடம் மாற்றலாம் என்றால் மழைத் திருட்டு என்றொரு குற்றம் இருக்கும். குற்றம் இருந்தால் வழக்கும் சாட்சியும் இருக்கும். மேகத்துக்கு எந்த ஊர் சொந்தம் என்று எப்படி நிரூபிப்பார்கள்? அழைப்பவர்களுக்குக் காவல் போட்டிருப்பார்களா, கோவிலில் அடைத்திருப்பார்களா, பெண் கொடுக்க மறுப்பார்களா? இந்தத் தாள் நிரம்பும்போது காட்சிகள் தாமாகவே வந்து நிற்கும்.

உலகத்தைக் கட்ட ஒரு பழைய அட்டவணை

உலகத்தைக் கட்டுவதற்கென்று இணையத்தில் நூறு, இருநூறு கேள்விகள் கொண்ட படிவங்கள் கிடைக்கும். அவற்றை நிரப்பியே ஆறு மாதம் கழித்தவர்கள் உண்டு. தமிழில் எழுதுகிறவருக்கு அவை தேவையில்லை. தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்ற பகுப்பு இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கிறது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம் எப்படிப்பட்டது, என்ன பருவம், நாளின் எந்த வேளை? கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் இருப்பவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அதாவது யாரைக் கும்பிடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எதை முழக்குகிறார்கள், எதைச் செய்து பிழைக்கிறார்கள், எதைப் பாடுகிறார்கள். உரிப்பொருள் என்பது அந்த நிலத்தில் மனிதருக்குள் நடப்பது: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். படிவங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடும். மூன்றாவதுதான் கதை.

செய்முறை இது. கதை நடக்கும் முக்கியமான மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஓர் இடத்துக்கு ஒரு பக்கம். முதற்பொருளுக்கு மூன்று வரி, கருப்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, உரிப்பொருளுக்கு ஒரு வரி. மொத்த வேலைக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். கருப்பொருளின் ஒவ்வொரு வரியிலும் பழையது என்ன, உங்கள் மாற்றம் அதை என்ன செய்தது என்று இரண்டையும் எழுத வேண்டும்.

குலசேகரப்பட்டினத்துக்கு நிரப்பிப் பார்க்கலாம். நிலம்: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சிவப்பு மணல் தேரி. பொழுது: கச்சான் காற்று வீசும் மாதங்கள். இப்போதே கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஏவுதல் மூடலும் இதன் தலையில் ஏறினால் மிச்சம் எத்தனை நாள்? தெய்வம்: முத்தாரம்மன். தசராவுக்கு விரதமிருந்து காளி, குறவன், குரங்கு, ராஜா என்று வேடம் கட்டிக் காணிக்கை பிரிக்கும் வழக்கம். 2071-இல் ஏவுதளத்துப் பழைய ரோபோ ஒன்றுக்கு யாரோ காளி வேடம் கட்டிவிட்டால்? மரம்: பனை. உணவு: உடன்குடிக் கருப்பட்டி. பனையேற ஆளில்லாமல் போய்விட்டதா, அல்லது ஏறும் எந்திரம் வந்துவிட்டதா? பறை: முன்பு தசரா மேளம், இப்போது ஏவுதலுக்கு முன் மூன்று முறை ஊதும் சங்கு. உரிப்பொருள்: நெய்தலுக்கு உரியது இரங்கல். கடலுக்குப் போனவருக்காகக் காத்திருந்து வருந்தும் பழைய நிலைமையில், இங்கே கடலுக்குப் போனவள் பெண். கரையில் காத்திருப்பவன் மகன். நாவலின் நடுப்பகுதி இந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிட்டது.

மழை நாட்டுக்கும் பழைய நூல் கைகொடுக்கும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். கிழவர் தன் மருதத்தைச் செழிக்கவைத்த முப்பது வருடத்தில் எங்கோ ஒரு முல்லை பாலையாகியிருக்கிறது. மேய்ப்பர்களாக இருந்தவர்கள் அங்கே வழிப்பறிக்காரர்களாகியிருப்பார்கள். அவரை மறிக்கப்போவதும் அவர்கள்தான்.

மூன்று பக்கம் முடிந்ததும் நிறுத்துங்கள். நான்காவது ஊர், பழைய போர், ஆட்சிமொழியின் இலக்கணம் ஆகியவை ஏதாவது ஒரு காட்சிக்குத் தேவைப்படும் நாளில் வரட்டும்.

மாயத்துக்கும் கருவிக்கும் கணக்கு

எது மாறியதோ அதற்கு ஐந்து பதில்களை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்: இதனால் என்ன முடியும், என்ன முடியவே முடியாது, பயன்படுத்துகிறவர் என்ன இழக்கிறார், யாரிடம் இருக்கிறது, தவறினால் என்ன ஆகும். இதில் இரண்டாவது பதில்தான் கதையைக் காப்பாற்றும். எழுதி முடித்ததும் ஒரு சோதனை: உச்சக்காட்சியின் சிக்கலை இந்தச் சக்தி இரண்டாம் அத்தியாயத்திலேயே தீர்த்திருக்க முடியுமா? முடியும் என்றால் எல்லையைக் குறுக்குங்கள்.

மழைக்கு அளவு வையுங்கள். ஒரு சதுர கி.மீ. பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். ஓர் அழைப்புக்கு இவ்வளவுதான், வருடத்துக்கு நான்கு அழைப்புதான் என்று வைத்தால், எந்த வயலுக்கு முதலில் என்ற சண்டை வந்துவிடும். அளவில்லாத சக்தியை வைத்துச் சண்டை எழுத முடியாது. “மிகுந்த ஆற்றலைத் திரட்டி” என்ற சொற்றொடர் உங்கள் வரைவில் வருகிற இடமெல்லாம் நீங்கள் கணக்குப் போடாத இடம் என்று கொள்ளுங்கள்.

அறிவியலைச் சரிபார்ப்பது கதைக்கு லாபம்

சரிபார்த்தால் கற்பனை சுருங்கிவிடும் என்று அஞ்சுகிறார்கள். ரோசலின் கதையைச் சரிபார்த்துப் பார்ப்போம்.

குலசேகரப்பட்டினத்தை ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்ததன் காரணம், அங்கிருந்து தெற்கே நேராகக் கடலுக்கு மேல் ஏவலாம் என்பது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவும்போது இலங்கையைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து போகவேண்டும். அதில் எரிபொருள் வீணாகிறது, தூக்கும் எடை குறைகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இத்தளம் சிறிய ராக்கெட்டுகளுக்கானது. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி 34 மீட்டர் உயரம், ஏறக்குறைய 120 டன் எடை, 500 கிலோவைத் தாழ்ந்த சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகும்.

சிக்கல் இங்கே வருகிறது. கழன்று விழும் அடுக்குகள் கரையோரம் விழுவதில்லை, நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளித்தான் விழும். வள்ளத்தில் போய் வலைபோட்டு இழுக்கலாம் என்ற முதல் எண்ணம் உடைகிறது. அதை மறைக்காமல் கணக்குப் போடுங்கள். 8 நாட் வேகத்தில் போகும் ஆழ்கடல் படகு மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ. ஓடும். 600 கி.மீ. என்று வைத்தால் போக 40 மணி நேரம், வர 40 மணி நேரம். ஆக நான்கு நாள் கடலில். டீசல் கடன் வேண்டும், ஐஸ் வேண்டும், கூட ஆள் வேண்டும், இடையில் கடற்படை வரும். இன்னொன்றும் இருக்கிறது: ஏவிய பொருளும் அதன் பாகங்களும் எங்கே விழுந்தாலும் உரிமை மாறாது என்பது 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தில் உள்ளது. கண்டெடுத்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே ரோசலின் செய்வது திருட்டு என்பது தானாகவே உறுதியாகிறது. நீங்கள் வில்லனைத் தேட வேண்டியதே இல்லை.

முதல் நாவல்களில் அடிக்கடி வரும் பிழைகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். செவ்வாயில் இருப்பவரோடு தொலைபேசியில் பேச முடியாது. கோள்களின் இடத்தைப் பொறுத்து ஒரு சொல் போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம், பதிலுக்கு அவ்வளவே மறுபடியும். ஆகவே அது கடிதப் போக்குவரத்து, அப்படியே எழுதுங்கள், காதலுக்கு நல்லது. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 நொடி, ஒரு வருடம் நம் 687 நாள், ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடு. காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே புயல் கட்டடத்தைச் சாய்க்காது, தூசி மட்டும் கண்ணை மறைக்கும். வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்காது. பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு தூரம். நொடிக்கு 17 கி.மீ. போகும் வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். வேகமாகப் போக ஒரு பொய் தேவை என்றால் ஒரு பொய் சொல்லுங்கள்; அதுதான் உங்கள் ஒரே மாற்றமாக இருக்க வேண்டும்.

மிகுபுனைவுக்கும் கணக்கு உண்டு. நடந்துபோகிறவர் ஒரு நாளைக்கு 25, 30 கி.மீ. கடப்பார். மாட்டுவண்டி மணிக்கு 3, 4 கி.மீ. குதிரை நாள் முழுக்கப் பாய்ந்து ஓடாது. பத்தாயிரம் பேர் கொண்ட படைக்கு ஆளுக்கு முக்கால் கிலோ அரிசி என்றாலும் ஒரு நாளைக்கு ஏழரை டன். வண்டிக்கு ஒரு டன் ஏற்றினால் பத்து நாள் பயணத்துக்கு எழுபத்தைந்து வண்டி. இழுக்கும் மாடுகளுக்குத் தீவனம் தனி. இவ்வளவு அரிசியைக் கொடுத்த ஊர் பிறகு என்ன சாப்பிட்டது என்று கேட்டுப் பாருங்கள், அதற்குள் ஒரு கிளைக்கதை இருக்கும்.

யார் கண்ணால் பார்ப்பது

முதல் நாவலுக்கு ஒரு பார்வை போதும், மிஞ்சினால் இரண்டு. அதிகம் இழக்கப்போகிறவரும், கதை நடக்கும் இடங்களுக்கு உள்ளே போகக்கூடியவருமாக ஒருவரைத் தேடுங்கள். ஏவுதள இயக்குநருக்கு எல்லாம் தெரியும், ஆனால் எதுவும் போகாது. ரோசலினுக்குப் பாதிதான் தெரியும், எல்லாம் போகும். அவளே சரி.

ஆளைக் குணத்திலிருந்து தொடங்காதீர்கள். தைரியசாலி, புத்திசாலி என்பவை ஒன்றும் செய்யாது. தொழிலிலிருந்தும் கடனிலிருந்தும் தொடங்குங்கள்: காலையில் எழுந்ததும் கை முதலில் எதைத் தொடும், யாரிடம் எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிப் போவாள்.

தமிழில் எழுதுவதால் வரும் சிக்கலும் வசதியும்

ஆங்கிலத்தில் எழுதியவர்களின் குறிப்புகளில் இந்தப் பகுதி இருக்காது என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

தமிழ் வினைமுற்று திணையையும் மரியாதையையும் சொல்லிவிடும். “ரோபோ வந்தது” என்றா, “வந்தான்” என்றா, “வந்தார்” என்றா எழுதப்போகிறீர்கள்? முதல் பக்கத்துக்கு முன்பே முடிவெடுங்கள். கதைசொல்லி எப்போதும் அஃறிணையிலேயே சொல்லலாம், பாத்திரங்கள் மட்டும் மாறுபடலாம். ஏவுதளத்துக்காரர்கள் “அது” என்கிற ரோபோவை, காளி வேடம் கட்டிய பத்து நாளும் ஊர் “அவ” என்று சொல்லும். வேடம் கட்டியவரைச் சாமியாகப் பார்க்கிற ஊர் அது. வேடம் கலைந்த பிறகும் ஒரு சிறுவன் “அவ” என்றே சொன்னால், ரோபோவுக்கு மனம் உண்டா என்ற விவாதத்தை நீங்கள் ஒரு பக்கம்கூட எழுத வேண்டாம்.

உறவுப்பெயர்களைக் கவனியுங்கள். மாமா, அத்தை, மச்சான், மதினி என்று எழுதினாலே ஒரு திருமண முறை உள்ளே வந்துவிடுகிறது. நிலவுக் குடியிருப்பில் பிள்ளைகளைப் பொதுவில் வளர்க்கிறார்கள் என்றால் அங்கே மாமா யார்? ஆள்பெயர்களும் அப்படியே. நம் பெயர்கள் ஊரையும் மதத்தையும் சாதியையும் காட்டிக்கொடுக்கும். உங்கள் எதிர்காலத்தில் அவை என்ன ஆயின என்று முடிவெடுக்காமல் பெயர் வைத்தால், வாசகர் இன்றைய அர்த்தத்திலேயே படிப்பார்.

கற்பனை நாட்டுக்குப் பெயர் வைக்கும்போது அபாஸ்ட்ரபி (’) நிறைந்த வெளிநாட்டு வாடையைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் ஒலிவிதி வையுங்கள். மருத நாட்டவர் பெயரில் ஜ, ஷ, ஸ, ஹ வராது, ட, ர, ல முதலில் வராது, பழந்தமிழ் ஒழுங்கு. மலை நாட்டவர் பெயர் எல்லாம் ர அல்லது ல-வில் தொடங்கி உகரத்தில் முடியும். வேறு விளக்கம் இல்லாமலே ஓர் ஆள் எந்த நாட்டவர் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். முக்கியமான ஆறு பாத்திரங்களுக்கும் முதலெழுத்து வேறுவேறாக இருக்கட்டும்.

கலைச்சொல் விஷயத்தில் அடம் பிடிக்க வேண்டாம். பாத்திரங்கள் ராக்கெட் என்றுதான் சொல்வார்கள். அறிவிப்புப் பலகையில் ஏவுகலம் என்று இருக்கும். இரண்டையும் அந்தந்த இடத்தில் வைத்தால் அரசுக்கும் ஊருக்கும் உள்ள தூரம் தெரியும். நீங்களே உருவாக்கும் புதுச்சொல் அத்தியாயத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். முதல்முறை வரும்போது அந்தப் பொருளை யாராவது கையில் எடுத்து எதையாவது செய்யட்டும், அதுவே விளக்கம். நாவலின் கடைசியில் சொற்பட்டியல் சேர்த்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள்.

பழமொழிகளுக்கு ஒரு தனித் தேடல் வையுங்கள். தவளையே இல்லாத உலகில் கிணற்றுத் தவளை வரக்கூடாது. காற்றே இல்லாத நிலவில் ஆடிக்காற்று எதையும் தூக்காது. செவ்வாய்க் கிரகத்தில் செவ்வாய்க்கிழமை இருக்கலாமா என்பதை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விடுகிறோம்.

எலும்புக்கூடு

அறிபுனைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ, நெபுலா விருதுகள் 40,000 சொல்லும் அதற்கு மேலும் உள்ளதை நாவல் என்று கணக்கிடுகின்றன. தமிழில் வேற்றுமையுருபும் விகுதிகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொற்களில் முடிந்துவிடும். முதல் நாவலுக்கு 45,000 சொல் நல்ல இலக்கு. அத்தியாயத்துக்கு 1,500 என்றால் முப்பது அத்தியாயம்.

முப்பது அட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் இடம், ஆள், அவர் அப்போது வேண்டுவது, நடப்பது, அதனால் கெடுவது என்று ஐந்து குறிப்பு எழுதுங்கள். கடைசிக் குறிப்பு காலியாக இருக்கும் அட்டையைத் தூக்கிவிடலாம். நான்கு இடங்களை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்: மூன்று அல்லது நான்காம் அத்தியாயத்தில் திரும்பிப் போகமுடியாத ஒரு முடிவு, பதினைந்தை ஒட்டி, தான் நினைத்தது தவறு என்று தெரிவது, இருபத்திரண்டு, இருபத்துமூன்றில் பெரிய இழப்பு, இருபத்தெட்டில் உச்சம். மற்ற அட்டைகள் எழுதும்போது மாறும், மாறட்டும்.

முதல் அத்தியாயம்

இப்படித் தொடங்காதீர்கள்: “கி.பி. 2071. உலகம் முற்றிலும் மாறியிருந்தது. குலசேகரப்பட்டினம் ஆசியாவின் மிகப்பெரிய ஏவுதளமாக உருவெடுத்திருந்தது. தினமும் மூன்று ராக்கெட்டுகள்...” இது செய்திக்குறிப்பு. அதே தகவல் வேறு விதமாக:

“கயிறு விறைத்து நின்றது. ‘அறுத்துரு, அக்கா’ என்றான் சின்னவன். ரோசலின் அறுக்கவில்லை. தண்ணீருக்கு மேலே வெள்ளை உருளையின் விளிம்பு தெரிந்தது. பாதி மூவர்ணம், மீதி கரி. போன முறை இதில் கால்வாசித் துண்டுக்கே நாலு மாத வட்டியைத் தள்ளிவிட்டார் கடைக்காரர். கரைக்கு நாற்பது மணி நேரம். கடற்படை வர ஆறு.”

ஆண்டைச் சொல்லவில்லை, ஏவுதளத்தை விளக்கவில்லை. தொழில், கடன், தூரம், சட்டமீறல் எல்லாம் வந்துவிட்டன. முதல் அத்தியாயத்தில் விளக்கமாக மட்டும் இருக்கும் வரிகள் பத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்ட வேண்டாம். பாத்திரங்கள் வாயில் தகவலைத் திணிப்பது இதைவிட மோசம்: “உனக்குத்தான் தெரியுமே, 2050-இல் இந்தச் சட்டம் வந்தபோது...” என்று ஒருவர் தொடங்கினால், தெரிந்ததை ஏன் சொல்கிறார் என்று வாசகர் கேட்பார். தெரியாத ஒருவருக்குச் சொல்லட்டும், அல்லது சண்டையில் குத்திக்காட்டட்டும்.

கனவிலிருந்து விழிப்பது, கண்ணாடியில் தன் முகத்தை வர்ணிப்பது, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய போரின் முன்கதை ஆகிய மூன்றும் முதல் வரைவில் வந்தே தீரும். எழுதிவிட்டு வெட்டிவிடுங்கள்.

எழுதும் மாதங்கள்

நாளைக்கு 400 சொல், வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் 2,000, 45,000 சொல்லுக்கு இருபத்துமூன்று வாரம், ஏறக்குறைய ஐந்தரை மாதம். வேலைக்குப் போகிறவர் இதற்கு மேல் இலக்கு வைத்தால் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவார்.

யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் கை வேகம் கூடும். கோப்பை வாரம் ஒருமுறை வேறோர் இடத்திலும் சேமியுங்கள். பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்: ஆள்பெயர், வயது, ஊர்களுக்கு இடையே பயண நேரம், நீங்கள் வைத்த விதிகள், எந்த அத்தியாயத்தில் எதைச் சொன்னீர்கள் என்பது. ஆறாம் அத்தியாயத்தில் நான்கு அழைப்பு என்று எழுதிய கை, இருபதாம் அத்தியாயத்தில் ஐந்தாவதை அழைக்கும். குறிப்பேடு இல்லாமல் அதைப் பிடிக்கவே முடியாது.

முதல் வரைவு முடியும்வரை பின்னால் போய்த் திருத்தாதீர்கள். பத்தாம் அத்தியாயத்தில் ரோசலினின் மகனை மகளாக்கத் தோன்றினால், குறிப்பேட்டில் “இங்கிருந்து மகள்” என்று எழுதிவிட்டு மேலே போங்கள். தகவல் தெரியாத இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுத் தாண்டுங்கள். ஒரு சந்தேகத்தைத் தீர்க்க இணையத்துக்குள் போனவர் அன்றைய 400 சொல்லோடு திரும்புவதில்லை.

பதினைந்தாயிரம் சொல்லை ஒட்டி ஒரு தேக்கம் வரும். தொடக்கத்தின் ஆர்வம் தீர்ந்து, முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. அப்போது புது மாயமோ புது இனமோ சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். விளைவுத் தாளை எடுத்து, இன்னும் தொடாத ஒரு மூன்றாம் சுற்று விளைவைத் தேடி அதை ரோசலின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவாருங்கள். தேக்கம் பெரும்பாலும் அதில் உடையும்.

வரைவு முடிந்தபின்

நான்கு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு மூன்று தனித்தனிச் சுற்று. முதல் சுற்றில் விதிகளும் காலக்கணக்கும் மட்டும். நட்சத்திரக் குறிகளையும் இப்போது நிரப்புங்கள். இரண்டாவதில் காட்சிகள்: எதுவும் கெடாத காட்சியை வெட்டுவது, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்குவது. மொழியைக் கடைசியில்தான் தொட வேண்டும், ஏனென்றால் வெட்டப்போகும் பத்தியின் சந்திப்பிழையைத் திருத்துவது வீண் வேலை. உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள்; தூத்துக்குடிப் பேச்சு நடுவில் சென்னைப் பேச்சாக மாறும் இடம் காதுக்குத்தான் தெரியும்.

அதன்பின் மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் இந்த வகையை நிறையப் படித்தவர், ஒருவர் தொடாதவர், மூன்றாமவர் உங்கள் பாத்திரத்தின் தொழிலை அறிந்தவர். ரோசலினுக்கு அவர் ஆழ்கடல் படகில் போனவராக இருக்க வேண்டும். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்த இடத்தில் குழம்பினீர்கள், எந்த விதி பிறகு மீறப்பட்டது என்று கேளுங்கள். பக்க எண்ணை ஓரத்தில் குறித்துவரச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தில் நின்றிருந்தால் பழுது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்காது. அதற்கு முந்தைய அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள்.